நிறையப் படிப்பவருக்கு ஒரு புத்தகம் சொல்வது எப்படி

சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறினால் எழும்பூர் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் சீசன் டிக்கெட்டோடு போய் வருகிறேன். ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. எங்கள் பெட்டியில் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் குறைவு. ஏறும் ஸ்டேஷனே பெயர். ஊரப்பாக்கத்துத் தங்கச்சி, தாம்பரம் சிஸ்டர், குரோம்பேட்டை டீச்சர், பல்லாவரம் அக்கா. என்னையும் சேர்த்து ஐந்து பேர். எங்களைச் சேர்த்துவைத்தவை புத்தகங்கள்தாம். ஒருவர் கையிலிருக்கும் அட்டையை எதிரே இருப்பவர் தலையைச் சாய்த்துப் படிக்கப் பார்ப்பார், பேச்சு தொடங்கிவிடும்.

இத்தனை ஆண்டுகளில் நான் கொடுத்த புத்தகங்களில் பல அப்படியே திரும்பி வந்திருக்கின்றன. சில, வாங்கியவரின் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் புத்தகம் அல்ல, அதை நான் சொன்ன விதம். அந்த அனுபவத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவருக்குப் புத்தகம் சொல்வது எளிது. எதைக் கொடுத்தாலும் அவருக்கு அது புதிது. இருபது முப்பது ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருப்பவரிடம் அப்படி நடக்காது. நீங்கள் சொல்லப்போவதில் பாதியை அவர் ஏற்கனவே படித்திருப்பார். மீதியில் பாதியை வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பார், அதற்கு அவரிடம் காரணமும் இருக்கும். வீட்டில் வாங்கிவைத்துப் படிக்காத புத்தகங்கள் ஒரு வரிசை காத்துக்கிடக்கும். உங்கள் புத்தகம் அந்த வரிசையைத் தாண்டி முன்னால் வர வேண்டுமானால், "மிக நன்றாக இருக்கிறது, அவசியம் படியுங்கள்" என்ற சொற்கள் போதாது. அந்தச் சொற்களை அவர் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்.

பாதியில் விட்டதைக் கேளுங்கள்

"உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?" என்று கேட்காதீர்கள். நிறையப் படிப்பவர் அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பார். அது பல ஆண்டுகளுக்கு முன் அவர் யாராக இருந்தார் என்பதைச் சொல்லும். இன்று எதைத் தேடுகிறார் என்பதைச் சொல்லாது. நான் கேட்பது வேறு: "கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டீர்கள்? எந்த இடத்தில்?"

குரோம்பேட்டை டீச்சரிடம் இப்படிக் கேட்டபோது, ஒரு தடித்த நாவலை இருநூறாம் பக்கத்தில் மூடிவைத்ததாகச் சொன்னார். தடிமன் காரணமா என்றேன். இல்லையாம். "எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் அக்கா. பாட்டியும் பேரனும் ஒரே மாதிரி பேசினால் எனக்கு யார் முகமும் தெரிவதில்லை." அந்த ஒரு வாக்கியத்தில் அவருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' அவர் கையில் இருந்தது. 1976இல் வந்த நாவல். அதில் ஆளுக்கொரு குரல். ஊருக்கே ஒரு குரல். பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டிருந்தால் வேறொரு பெயரைச் சொல்லியிருப்பார், நானும் அதே வகையில் இன்னொன்றைத் தேடிக் கொடுத்து ஏமாந்திருப்பேன்.

பிடித்த நூலைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும் என்றால், அதில் எந்தப் பகுதி மனத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். 'பொன்னியின் செல்வன்' பிடிக்கும் என்று நூறு பேர் சொல்வார்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் கல்கி இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நிற்கும் நூல் அது. ஊரப்பாக்கத்துத் தங்கச்சிக்கு அதில் வந்தியத்தேவன் குதிரையேறி ஊர் ஊராகப் போவதும், கடல் தாண்டி இலங்கைக்குப் போவதும்தான் நாவல். பல்லாவரம் அக்காவுக்கு அவன் போகும் வழியெல்லாம் வெறும் இணைப்பு; பழுவேட்டரையர்களின் சதியும், சிம்மாசனம் யாருக்கு என்ற கேள்வியும்தான் அவரைப் பிடித்துவைத்திருந்தன. ஒரே நூலை விரும்பிய இவர்கள் இருவரும் உண்மையில் இரண்டு வேறு நூல்களை விரும்பியவர்கள். தங்கச்சிக்கு நான் சொன்னது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. அக்காவுக்குச் சொன்னது சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. மதுரையின் பல நூற்றாண்டுகளை, அதிகாரம் கை மாறும் ஒவ்வொரு முறையும் காவல் யார் கையில் இருந்தது என்ற கண் கொண்டு பார்க்கும் நூல். இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தால் இரண்டுமே திரும்பி வந்திருக்கும்.

சீர்காழியில் பிறந்தவரும் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றவருமான எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட தம் ஐந்து நூலக விதிகளில் இரண்டாவதாக 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்றும், மூன்றாவதாக 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்றும் வைத்தார். வாசகர் முதலில், நூல் பிறகு. நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறோம். நேற்றிரவு ஒன்றைப் படித்து முடித்த சூட்டோடு, எதிரில் யார் வந்தாலும் அதையே நீட்டுகிறோம். அந்த ஆர்வத்தை நான் குறை சொல்லமாட்டேன், அது இல்லாவிட்டால் புத்தகம் கைமாறவே மாறாது. ஆனால் ஒரு வாரம் பொறுங்கள். அந்த வாரத்தில், "இது யாருக்கு?" என்ற கேள்விக்கு ஒரு முகம் தானாக வந்து நிற்கும்.

கதையைச் சொல்லாமல் என்ன சொல்வது

மூன்று செய்திகள் போதும். எங்கே நடக்கிறது, என்ன நடையில் போகிறது, எந்த இடத்தில் கடினமாகும்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாம் விரும்பும் நூலில் குறை சொல்வதாகிவிடுமோ என்ற தயக்கம். என் அனுபவத்தில், நல்ல வாசகர் ஒருவர் நம்மை நம்பத் தொடங்குவது அந்த இடத்தில்தான். 'புயலிலே ஒரு தோணி'யைக் கொடுத்தபோது தங்கச்சியிடம் இப்படிச் சொன்னேன்: "இரண்டாம் உலகப் போர்க் காலத்து மேடான், பினாங்கு. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்களின் உலகம். முதல் சில அத்தியாயங்களில் தெருப் பெயர்களும் மலாய்ச் சொற்களும் வந்துகொண்டே இருக்கும். ஒன்றும் பிடிபடாது. அகராதி தேடாதே, அந்தத் தெருவில் புதிதாக வந்து இறங்கியவளைப் போல நடந்து போ. கதைக்கு நடுவே மதுரை நினைவுகள் வந்து குறுக்கிடும், அதற்கும் பழகிக்கொள்." அவள் இருபதாம் பக்கத்தில் திணறியபோது, இது நூலின் பிழையோ தன் பிழையோ என்று குழம்பவில்லை. அக்கா சொன்ன இடம் வந்துவிட்டது என்று மேலே போனாள். அந்த எச்சரிக்கை இல்லாமல் இதே நூலை அதற்கு முன் இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். இருவருமே அங்கேயே நின்றுவிட்டார்கள்.

வட்டார மொழியில் எழுதப்பட்ட நூல்களுக்கு என் ஒரே அறிவுரை, முதல் பதினைந்து பக்கங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ரயிலில் முடியாது, வீட்டில் முடியும். கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும் சொல் காதுக்குப் பழக்கமாகிவிடும்.

நடையைச் சொல்வதற்கு 'அருமை', 'விறுவிறுப்பு' போன்ற சொற்கள் உதவா. அதை வாசிக்க என்ன மாதிரியான நேரம் வேண்டும் என்று சொல்லுங்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' சின்ன நாவல். எங்கள் கணக்கில் இரண்டு நாள் பயணம். சென்னைத் தெரு ஒன்றில் குழாயில் தண்ணீர் வராத நாட்கள், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள். குடத்தை எடுத்துக்கொண்டு அலைவதை அவர் எழுதும்போது குரலை உயர்த்துவதே இல்லை. இதைப் பற்றிச் சொல்லும்போது நான் சொல்வது: "வேகமாகப் படித்தால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். உட்கார இடம் கிடைக்கும் நாளில் படியுங்கள். நின்றுகொண்டு படிக்கும் நூல் அல்ல இது."

மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். இது மரியாதைக்காக மட்டும் இல்லை. ஒரே நூலுக்கு இரண்டு மூன்று தமிழாக்கங்கள் கடையில் இருக்கும், அவற்றில் ஒன்று சுருக்கப் பதிப்பாகவும் இருக்கும். தகழியின் 'செம்மீன்' என்று மட்டும் சொல்லாமல், சுந்தர ராமசாமி தமிழில் தந்த 'செம்மீன்' என்று சொன்னால், கேட்பவர் சரியான புத்தகத்தோடு வீடு திரும்புவார்.

சொல்லி முடித்ததும் ஒரு பக்கத்தைப் படிக்கக் கொடுப்பது என் வழக்கம். முதல் பக்கம் வேண்டாம். எழுத்தாளர்கள் முதல் பக்கத்தில் கொஞ்சம் விறைப்பாக இருப்பார்கள். நடுவில், யாரும் சாகாத, எந்த முடிச்சும் அவிழாத ஒரு பக்கத்தைத் தேர்ந்து, ரயில் டிக்கெட்டை அடையாளமாகச் செருகிக் கொடுப்பேன். தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை போவதற்குள் படித்துவிடலாம். அதன் பிறகு முகத்தைப் பார்த்தால் போதும். அவர் அடுத்த பக்கத்தைத் தானே புரட்டினால் புத்தகம் அவருடையது.

நான் செய்த ஒரு தவறு

இதை எழுத மனம் கனக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புகளுக்குப் பொருள் இல்லை.

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதைப் படித்துவிட்டு இரண்டு நாட்கள் நான் சரியாகத் தூங்கவில்லை. தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மகள், வெளியே காத்திருக்கும் குடும்பம். மருத்துவமனையின் ஒவ்வொரு மணி நேரமும் அதில் இருக்கிறது. தாம்பரம் சிஸ்டர் செவிலியர் ஆயிற்றே, அவரைவிட இதை உணரக்கூடியவர் யார் என்று நினைத்தேன். "உங்கள் உலகத்தை இப்படி யாரும் எழுதியதில்லை சிஸ்டர்" என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். எதைப் பற்றியது என்று சொல்லவில்லை. சொன்னால் அதிர்ச்சி குறைந்துவிடும் என்று எண்ணினேன்.

மூன்றாம் நாள் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றித் திருப்பித் தந்தார். அவருடைய தங்கை தீக்காயத்தில் இறந்தவர் என்பதை அன்றுதான் சொன்னார். பதினோரு ஆண்டுகளாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறோம், எனக்கு அது தெரியாது. அவர் கோபப்படவில்லை. "நல்ல புத்தகம்தான் அக்கா, என்னால் முடியவில்லை" என்றார்.

அதிலிருந்து ஒரு பழக்கத்தைக் கடைப்பிடிக்கிறேன். நூலில் சாவு, நோய், குழந்தைக்கு நேரும் துன்பம், பெண் மீதான வன்முறை ஆகியவற்றில் எது இருந்தாலும், கொடுக்கும் முன் ஒரு வரியில் சொல்லிவிடுவேன். கதை கெட்டுவிடுமே என்ற கவலை எனக்கு இப்போது இல்லை. நல்ல நூலை அந்த ஒரு வரி கெடுத்துவிடாது. சொல்லிவிட்டு, "இப்போது வேண்டாம் என்றால் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள், என்னிடம்தான் இருக்கும்" என்றும் சேர்த்துக்கொள்வேன். மறுப்பதற்கு அவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும். காரணம் சொல்லாமலே மறுக்கும் வழி.

ஒருவருடைய தொழிலையும் ஊரையும் சாதியையும் வைத்து அவருக்கு இது பிடிக்கும் என்று முடிவுகட்டுவதையும் விட்டுவிட்டேன். ஆசிரியருக்குப் பள்ளிக்கூட நாவல், செவிலியருக்கு மருத்துவமனை நாவல் என்று கொடுப்பதைப்போல அலுப்பூட்டுவது வேறில்லை. நாள் முழுக்க அங்கே இருந்துவிட்டுத்தானே ரயிலேறுகிறார்கள்.

ஒன்று போதும், அது கிடைக்கவும் வேண்டும்

பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியலை யாரும் படிப்பதில்லை, வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். ஒரு முறைக்கு ஒரு புத்தகம். அதைப் படித்துவிட்டு அவர் பேசும் பேச்சிலிருந்துதான் அடுத்தது பிறக்க வேண்டும்.

சொல்வதற்கு முன் அது இப்போது எங்கே கிடைக்கும் என்று பார்த்துவிடுங்கள். பதிப்பில் இல்லாத நூலைப் புகழ்ந்துவிட்டுப் போவது, பசித்தவரிடம் பூட்டிய ஓட்டலைக் காட்டுவதற்குச் சமம். எனக்கு அலுவலகம் எழும்பூரில் என்பதால் பாந்தியன் சாலையில் உள்ள கன்னிமாரா நூலகம் வாய்ப்பாக அமைந்தது. 1896இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் அச்சாகும் நூல்களில் ஒரு படி சட்டப்படி சேரும் நூலகங்களில் ஒன்று. மதிய உணவு இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்கிறது, ஆனால் வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்" என்று சொல்ல முடிந்தால் அதுவும் ஓர் உதவி. கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. அவற்றைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமை நூல்களை இலவசமாகவே படிக்கலாம். பல பதிப்புகள் இருக்கும் நூலென்றால், எழுத்து பெரிதாக, பிழை குறைவாக இருக்கும் பதிப்பு எது என்று சொல்லுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு எழுத்தின் அளவு மிக முக்கியம். பல்லாவரம் அக்கா ஒரு நல்ல நாவலைப் பொடி எழுத்தின் காரணமாகவே இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டார்.

உங்கள் சொந்தப் படியைக் கடன் கொடுப்பதாக இருந்தால் ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, புத்தகம், யாருக்கு. எனக்கு இது நான்காவது நோட்டு. திரும்பி வரும்போது அவர் சொன்னதில் ஒரு வரியையும் அதிலேயே எழுதிவைப்பேன். அடுத்து என்ன கொடுக்கலாம் என்று யோசிக்கும்போது நான் புரட்டுவது அந்த வரிகளைத்தான். திரும்பி வராமல் போனால் மனத்தாங்கல் ஏற்படும் என்று நினைக்கும் படியை மட்டும் கொடுக்காதீர்கள். கடையில் இன்னொன்று வாங்கிக் கொடுங்கள்.

கொடுத்த பிறகு

"படித்தீர்களா?" என்று கேட்காதீர்கள். இன்னும் தொடாதவருக்கு அந்தக் கேள்வி ஒரு கடன்காரனின் குரல்போல் ஒலிக்கும். நாலைந்து நாள் கேட்டால், அவர் உங்கள் பெட்டியிலேயே ஏறமாட்டார். எங்களுக்குள் வேறொரு கேள்வி வைத்திருக்கிறோம்: "எந்த ஸ்டேஷன் வரை வந்தீர்கள்?" நூறு பக்கம் என்றால் வண்டலூர் என்பார், முடிக்கப்போகிறேன் என்றால் சேத்துப்பட்டு என்பார். "இன்னும் பிளாட்பாரத்தில்தான் இருக்கிறேன்" என்றும் சொல்லலாம், அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வாதாடாதீர்கள். நூலைக் காப்பாற்றுவது உங்கள் வேலை இல்லை. எந்தப் பக்கத்தில் மனம் விலகியது என்று மட்டும் கேளுங்கள், கேட்டதை நோட்டில் எழுதுங்கள். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளைப் பற்றி டீச்சருக்கும் அக்காவுக்கும் நடுவே ஒரு மாதம் பேச்சு ஓடியது. கும்பகோணத்தையும் சங்கீதத்தையும் அதைப்போல் யாரும் எழுதவில்லை என்பார் டீச்சர். பாபு பார்க்கும் யமுனாதான் தெரிகிறாள், யமுனா பார்க்கும் பாபு எங்கே என்பார் அக்கா. இருவருமே கடைசி வரை மாறவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி, யார் சொல்வது சரி என்று பார்க்க அந்த நாவலை வாங்கினாள். ஒரு புத்தகத்தைப் பற்றி உண்மையாக மாறுபட்டுப் பேசும் இருவர், அதைப் புகழும் பத்துப் பேரைவிடப் பெரிய பரிந்துரை.

அவர் உங்களுக்கு ஒன்று சொன்னால், உங்கள் அடுத்த பரிந்துரைக்கு முன் அதைப் படித்துவிடுங்கள். கொடுத்துக்கொண்டே மட்டும் இருப்பவரிடம் யாரும் நெடுநாள் வாங்கமாட்டார்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரும். 1977இல் தொடங்கியது. இப்போது நந்தனம் மைதானத்தில் நடக்கிறது. சைதாப்பேட்டையில் இறங்கினால் எங்களுக்கு வசதி. ஐவரும் ஒரு சனிக்கிழமை மாலை சேர்ந்து போவோம். போவதற்கு முன் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பெயரை எடுத்துக்கொள்வோம். சீட்டில் யார் வந்தாரோ அவருக்காக, அந்த ஆண்டு முழுக்க அவர் பேசியதை நினைத்து, ஒரே ஒரு புத்தகம் வாங்க வேண்டும். விலை முந்நூறு ரூபாய்க்குள். காரணத்தை முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதித் தர வேண்டும்.

சென்ற ஜனவரியில் என் பெயர் தாம்பரம் சிஸ்டருக்குப் போயிருந்தது. எல்லோரும் மைதானத்திலேயே கொடுத்துவிட்டார்கள், அவர் மட்டும் தரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நானும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் என் அம்மா இறந்திருந்தார். அடுத்த அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை, தாம்பரத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்தார். தாராசங்கர் பானர்ஜியின் 'ஆரோக்கிய நிகேதனம்', த. நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பு.

"நாடி பிடித்துச் சாவு வரும் நாளைச் சொல்லும் வைத்தியரின் கதை அக்கா. வங்காள நாவல். மெதுவாகப் போகும், நிறையச் சாவு வரும். அம்மாவுக்குத் திவசம் முடியட்டும் என்று வைத்திருந்தேன். இப்போது தரலாமா? வேண்டாமென்றால் இன்னும் என்னிடமே இருக்கட்டும்."

வாங்கிக்கொண்டேன். அன்று மாலை திரும்பும்போது வண்டலூரில் நாற்பதாம் பக்கத்தில் இருந்தேன்.